பூக்காரனுக்குக் கிடைத்த கிரீடம்

மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி. இன்னும் போனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம், கோடியக்கரை. எட்டாம் வகுப்பு விடுமுறையில் 'பொன்னியின் செல்வ'னை எடுக்கும் மீமிசல் பிள்ளைக்கு, இரண்டாம் பாகத்தில் படகோடு வரும் கோடியக்கரைப் பூங்குழலி அடுத்த தெருக்காரிதான்.

கல்கி அதைச் சிறுவர்களுக்கென்று எழுதவில்லை. 1950-இல் தொடங்கி வீடே முறைபோட்டுப் படித்த வாரத் தொடர் அது. இருந்தாலும், இளையோர் நாவலில் கிளைக்கதையைக் கோப்பது எப்படி என்று கேட்டால் நான் காட்டுவது சேந்தன் அமுதனைத்தான். (கதை தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

முதல் பாகத்தில் தஞ்சைக்கு வரும் கதாநாயகன் வந்தியத்தேவனுக்குத் தங்க இடம் வேண்டும். கோயிலுக்குப் பூ கொடுக்கும் ஒரு பிள்ளையாண்டானின் வீடு கிடைக்கிறது. வாய் பேசாத அம்மா, நந்தவனம், கோடியக்கரை மாமன் மகள் பூங்குழலி மேல் ஒருதலைக் காதல். அவ்வளவுதான் அவன். நண்பனைத் தப்பவிட்டதற்காகப் பாதாளச் சிறைக்குப் போகிறான். அப்போதும் நம் கண் வந்தியத்தேவன் ஓடிய திசையில்தான் இருக்கிறது. அமுதன் வரும்போதெல்லாம் வேறொருவர் கதைக்கு ஒத்தாசை செய்ய வந்ததுபோலவே வருகிறான். கல்கியின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். ஐந்தாம் பாகத்தில் சோழ சிங்காதனம் யாருக்கு என்ற முடிச்சு அவிழ்வதே அவனால்தான். சோழ மன்னராக இருந்த கண்டராதித்தரின் மகன் அவன். பூக்காரனின் காதலும் அங்கேயே கைகூடிவிடுகிறது. முதல் பாகத்தைத் தேடி ஓடாத வாசகர் உண்டா?

பிள்ளைகளுக்காக நாவலைச் சுருக்குகிறவர்கள் முதலில் கத்தி வைப்பது கிளைக்கதையில். அமுதனை அரைப் பக்கமாக்கிவிட்டால் முடிசூட்டு விழா வானத்திலிருந்து விழுந்ததுபோல் ஆகிவிடும். பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பது பெரியவர்களின் கவலை. தொலைக்காட்சித் தொடரில் எட்டுக் குடும்பத்துச் சண்டையையும் உறவுமுறை பிசகாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளா குழம்புவார்கள்? மூலக்கதையை எங்கேயும் தொடாமல் சும்மா நீளும் கிளைதான் அவர்களைத் தூங்க வைக்கும்.

சிறுவர்களுக்காக எழுதிய அழ. வள்ளியப்பாவை ராயவரத்திலும் வாண்டுமாமாவை அரிமளத்திலும் பெற்ற மாவட்டம்தான் மீமிசலுடையதும். கடற்கரைப் பக்கம் கதைக்கா பஞ்சம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடும். பிள்ளைகள் துப்பறியும் கதை முன்னால் ஓடட்டும். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் அத்தா, பழுது பார்க்க வேண்டிய இன்ஜின், அதற்கு வாங்கிய கடன் என்று இன்னொரு கதை பின்னால் வரட்டும். படகு மறுபடி கடலில் இறங்கும் ஜூன் நடுவில் இரண்டும் ஒன்றோடொன்று மோதட்டும். மீமிசல் பக்கத்தில் எழுதுகிற கை யாருக்காவது இருந்தால், அடுத்த தடைக்காலத்துக்குள் இதை எழுதிவிடுங்கள். அத்தாவின் கதையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.