வாற்றோவின் போர்வீரர்

ரொக்கோக்கோ ஓவியமெனின் பட்டாடையும் பூங்காவும் காதல் விளையாட்டுமே பலர் நினைவிற்கு வருவன. அம்மரபின் முன்னோடியான பிரான்சிய ஓவியர் அந்துவான் வாற்றோ (1684 - 1721) தாமே செப்புத்தகட்டிற் கீறிய ‘படையிற் சேரச் செல்லும் புதுவீரர்’ என்னும் அமிலச் செதுக்கோவியம் அக்கருத்து முழுமையானதன்று எனக் காட்டுகின்றது.

எசுப்பானிய அரசுரிமைப் போர் (1701 - 1714) நிகழ்ந்த காலத்தில், 1709 ஆம் ஆண்டளவில், வாற்றோ தம் பிறந்தகமாகிய வலன்சியேனுக்கு மீண்டார். எல்லைப்புறமாகிய அந்நகரிலே படைவீரரின் அன்றாட வாழ்வை அவர் அணுகிக் கண்டார். அவருக்கு முன் வான் டெர் மியூலன், பதினான்காம் லூயி மன்னரின் போர் வெற்றிகளைப் பெருமிதந்தோன்றத் தீட்டினார். வாற்றோவின் படைப்பிலோ போர்க்களமுமில்லை; வெற்றிக் கொடியுமில்லை. அகன்ற வானின்கீழ், வெறுநிலத்திலே, துப்பாக்கி சுமந்தோர் சிலர் தளர்நடை நடக்கின்றனர். அவ்வளவே.

மெழுகு பூசிய தகட்டில் ஊசி தடையின்றி ஓடும். உலோகத்தை அரிப்பது அமிலத்தின் தொழில். ஆதலின் கைவரைவின் நெகிழ்வு கெடுவதில்லை. அந்நெகிழ்ந்த கோடே இங்கு வீரரின் சோர்வாகின்றது. பின்னர் தொமசான் என்பவர் செதுக்குளியால் நிழல்களை அழுத்தித் தகட்டை நிறைவுசெய்தார். அதனால் ஓவியம் திண்மை பெற்றது. முதற்கோட்டின் உயிர்ப்போ ஓரளவு மங்கியது.

துன்பத்தையும் அழகாக்கிவிட்டார் என வாற்றோவைக் குறைகூறலாம். ஆயினும் இவ்வீரரை அவர் புகழவுமில்லை, இகழவுமில்லை, மனிதராகக் கண்டார். மென்மை வேறு, மேம்போக்கு வேறு என்பதற்கு இச்சிறு தகடே சான்றாகும்.