நகலெடுத்த ஜேசிஎல்

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் புதிய வட்டு ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவர, ஐசிகேடிஎஸ்எஃப் என்ற பழைய நிரலைத்தான் இன்றும் ஓட்டுகிறார்கள். அதன் இனிட் கட்டளை செய்வது கொஞ்சம்தான். முதல் ட்ராக்கில் 80 பைட் லேபிள் ஒன்றை எழுதும். வால்யூமின் பெயர் ஆறு எழுத்துக்குள் அதில் இருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் விடிஓசி பட்டியலுக்கு இடம் ஒதுக்கும். மற்ற ட்ராக்குகளைத் தொடுவதே இல்லை.

இந்தச் சிக்கனம்தான் இதன் பெரிய பலம். நிஜ வட்டுகள் சுழன்ற காலத்தில் ஒவ்வொரு ட்ராக்கின் பரப்பையும் சோதிக்க நேரம் செலவிட்டார்கள். 1989இல் வந்த 3390 வட்டு இன்று ரெய்டு பெட்டிகளுக்குள் வேடம் கட்டிய வெறும் உருவகம்; அதில் பரப்புச் சோதனைக்கு அர்த்தமில்லை. ஆகவே குறைந்தபட்ச இனிட்டே வழக்கமானது. சரியான முடிவுதான்.

ஆனால் சட்டென்று முடியும் வேலை தவறான வட்டிலும் சட்டென்று முடிந்துவிடும். வட்டின் எண்ணை 8123 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 8132 விழுந்தால் யார் தடுப்பது? நிரலை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. பழைய பெயர் சரிதானா என்று பார்க்க வெரிஃபை உண்டு. காலாவதியாகாத கோப்பு இருந்தால் நிறுத்த நோபர்ஜ் உண்டு. வட்டு ஆஃப்லைனில் இருக்க வேண்டும். கடைசியில் கன்சோலில் ஆபரேட்டரைக் கேட்கும்: மாற்றலாம் என்றால் யு, வேண்டாம் என்றால் டி.

நடைமுறையில் இவற்றுக்கு என்ன ஆகிறது? நிரலை ஓட்டச் சொல்லும் கட்டளைத் தொகுப்புக்கு ஜேசிஎல் என்று பெயர். என்றோ ஒருவர் எழுதிய ஜேசிஎல்லில், இந்தச் சோதனைகளை அணைக்கும் நோவெரிஃபை, பர்ஜ் இரண்டும் இருக்கும். அதையே அடுத்தவர் நகலெடுப்பார், அவரிடமிருந்து இன்னொருவர். கன்சோல் கேள்வி தொந்தரவாகத் தோன்றினால் பார்ம் வரியில் நோரிப்ளையு சேர்த்துவிடுவார்கள். புது வட்டுக்குப் பெயரே இல்லையே, எதை வெரிஃபை செய்வது என்பார்கள். பெயர் இல்லை என்பதையே உறுதிசெய்ய வெரிஃபைக்கே 'நன்' என்ற மதிப்பு இருக்கிறது. சாக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆஃப்லைன் நிபந்தனையிலும் ஓட்டை உண்டு. ஒரே வட்டைப் பல எல்பார்கள், அதாவது மெயின்ஃபிரேமின் தனித்தனிப் பிரிவுகள், பகிர்ந்துகொள்கின்றன. இங்கே ஆஃப்லைன் என்பதால் பக்கத்து எல்பாரிலும் ஆஃப்லைன் என்று ஆகாது. வெரிஃபைஆஃப்லைன் அதைச் சோதிக்கும். பழைய நகல்களில் அந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. ராக்ஃப் என்ற பாதுகாப்பு நிரலில் எஸ்டிஜிஅட்மின்.ஐசிகே.இனிட் என்ற உரிமையைச் சிலருக்கு மட்டும் கொடுக்கலாம். நல்ல வேலிதான், ஆனால் எண்ணை மாற்றி அடிப்பவர் பெரும்பாலும் உரிமை உள்ளவர்தான்.

இனிட்டால் தரவு அழியாமல் இருப்பது இரண்டு பக்கமும் வெட்டும். பிழை நடந்து, பழைய விடிஓசியின் நகலும் கையில் இருந்தால் மீட்க வழி உண்டு. அதே வட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்தாலோ பழைய பதிவுகளும் கூடவே போகும். இனிட் ஓட்டியாயிற்று, அழிந்துவிட்டது என்று நம்புவது ஆபத்து. அழிக்க டிஆர்கேஎஃப்எம்டி கட்டளையின் இரேஸ்டேட்டாவைத்தான் ஓட்ட வேண்டும்.

நகலெடுப்பதால் வரும் இன்னொரு கேடு உடனே தெரியாது. விடிஓசியில் ஒரு பதிவு 140 பைட்; 3390 ட்ராக் ஒன்றில் 50 பதிவுகள் அடங்கும். 3,339 சிலிண்டர் கொண்ட பழைய மாடல் 3க்கு 14 ட்ராக், அதாவது 700 பதிவுகள், பல இடங்களில் போதுமானதாக இருந்தது. அதே வரியை 11 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலிண்டர் கொண்ட இன்றைய பெரிய வால்யூமுக்குப் போட்டால், பல நூறு ஜிகாபைட் காலியாக இருக்கும்போதே பட்டியல் நிரம்பி, புதுக் கோப்புக்கு இடமில்லை என்ற பதில் வரும். எக்ஸ்ட்விடிஓசி கொண்டு பட்டியலை நீட்டலாம். ஆனால் அதை ஒட்டினாற்போல் காலியிடம் வேண்டும். இல்லாவிட்டால் நியூவிடிஓசி மூலம் பட்டியலையே வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும்.