திகில் கதைகளில் திணையும் இடமும்: மூன்று ஆங்கிலச் சிறுகதைகளை முன்வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் அடிப்படையாகக் கொண்ட ஆங்கிலச் சிறுகதைகள் சில, நெடுங்காலமாகப் பாடநூல்களிலும் தொகுப்புகளிலும் இடம்பெற்று வருகின்றன. இவற்றைக் கற்பிக்கும்போது இலக்கியக் கூறுகள் என ஒரு பட்டியலும், அருஞ்சொற்பொருள் என மற்றொரு பட்டியலும் அளிப்பது வழக்கம். பின்னணி, முன்குறிப்பு, திருப்பம், முரண்நகை முதலியன முதற்பட்டியலில் அடங்கும். அகராதியின் துணையின்றி விளங்காத சொற்கள் இரண்டாவதில் அடங்கும். இப்பட்டியல்கள் பயனற்றவை அல்ல. எனினும், கதையின் திகிலைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இவ்விரண்டிலும் இடம்பெறாத எளிய சொற்களும் இலக்கண உருபுகளுமே என்பது அக்கதைகளைத் தமிழாக்க முற்படும்போது புலனாகிறது. ஆங்கிலம் சொல்லாமல் விடும் செய்தியைத் தமிழ் வினைமுற்று தன் விகுதியால் வெளியிட்டுவிடுகிறது. சில இடங்களில் இது இழப்பாகிறது. சில இடங்களில் தமிழுக்கே உரிய வாய்ப்பாகவும் அமைகிறது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902), ரிச்சர்டு கானெலின் 'மிக ஆபத்தான வேட்டை' (1924), எட்கர் ஆலன் போவின் 'அமாண்டிலாடோ பீப்பாய்' (1846) ஆகிய கதைகளைக் கொண்டு இதனை ஆராயலாம்.

1. அவனா, அதுவா?

'குரங்கின் பாதம்' கதையில் மூன்று வரங்கள் தரும் குரங்கின் பாதம் ஒன்று முதிய தம்பதியரின் கைக்கு வருகிறது. முதல் வரமாக இருநூறு பவுன் கேட்கின்றனர். மகன் ஹெர்பர்ட் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறக்க, அதே தொகை இழப்பீடாக வந்து சேர்கிறது. மகனை மீண்டும் உயிர்பெறச் செய்யும்படி தாய் இரண்டாம் வரத்தைக் கேட்கச் செய்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது.

இக்கதையின் அச்சம் அரிய சொற்களில் இல்லை. ஆலையிலிருந்து வருபவர், ஹெர்பர்ட்டுக்குப் பலத்த அடி என்றும், இப்போது வலி ஏதும் இல்லை என்றும் தெரிவிக்கிறார். தாய் ஒரு நொடி ஆறுதலடைந்து, பின்னர் அச்சொற்களின் உண்மைப் பொருளை உணர்கிறாள். 'வலி இல்லை' என்னும் தொடரை எந்த அருஞ்சொற் பட்டியலும் சேர்த்துக்கொள்ளாது. கதையின் கொடிய செய்தியோ அதில்தான் அடங்கியுள்ளது.

இதனினும் நுட்பமானது இறுதிக் காட்சி. அதுவரை மகனை 'அவன்' என்றே குறிப்பிட்டுவந்த தந்தை, கதவருகே நிற்பதை 'அது' என்னும் சொல்லால் குறித்து, உள்ளே விடவேண்டாம் என மன்றாடுகிறார். தாயோ மகனின் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். சிதைந்த உடலை ஆடையைக் கொண்டே அடையாளம் கண்டவர் தந்தை என்பது முன்னரே சொல்லப்பட்டுள்ளது. வெளியே நின்றது எத்தகையது என்பதைக் கதை இறுதிவரை காட்டவில்லை. அவரது ஒரு சுட்டுப்பெயரே காட்டுகிறது.

இம்மாற்றத்தைக் காட்டத் தமிழ் மிகவும் பொருத்தமான மொழி. உயர்திணை, அஃறிணைப் பாகுபாடு அதன் இலக்கணத்தின் அடித்தளமாகும். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்குவதை நன்னூல் இயல்பென ஏற்கிறது. தந்தையின் கூற்று இவ்வைந்தில் எதனுள்ளும் எளிதில் அடங்காது. அவர் மகனை வெறுக்கவில்லை, இழித்துரைக்கவும் இல்லை. அச்சம் காரணமாக நிகழ்ந்த திணை மயக்கம் அது. பட்டியலில் இல்லாத காரணமாயினும், தமிழ் வாசகர் அதனை விளக்கமின்றி உணர்வர்.

ஆயினும், இவ்வாய்ப்பை முன்வரியிலேயே இழந்துவிடும் ஆபத்தும் உண்டு. 'யாரோ கதவைத் தட்டினார்கள்' என மொழிபெயர்த்தால் வந்திருப்பது உயர்திணை என ஆசிரியரே உறுதிசெய்தவராகிறார். 'ஏதோ தட்டியது' என்றால் தந்தையின் முடிவை ஆசிரியர் முந்திக்கொள்கிறார். 'கதவில் தட்டும் ஓசை கேட்டது' என்பதே இரண்டையும் தவிர்க்கும் தொடர். வினைக்கு ஓசை எழுவாயாகும்போது திணைபற்றிய தீர்ப்பு கதைமாந்தரிடமே விடப்படுகிறது.

2. சிந்திக்கும் விலங்கு

கானெலின் கதைத் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் விளையாட்டையும் வேட்டையாடப்படும் விலங்கையும் ஒருசேரக் குறிப்பது. 'வேட்டை' என்னும் சொல் முதற்பொருளை இழக்கிறது. 'விளையாட்டு' என்பது இரண்டாவதை இழக்கிறது. தலைப்பில் நேரும் இவ்விழப்பு பலராலும் சுட்டப்படக்கூடியது. உரையாடலில் நேரக்கூடிய இழப்பு எளிதில் கவனத்திற்கு வருவதன்று.

தீவில் வாழும் ஜெனரல் ஸாரோஃப், வழக்கமான விலங்குகளை வேட்டையாடிச் சலித்துப்போனதாகவும், அதனால் புதிய விலங்கு ஒன்றைக் கண்டுபிடித்ததாகவும் விருந்தினரான ரெய்ன்ஸ்ஃபோர்டிடம் கூறுகிறார். அதற்குத் துணிவும் தந்திரமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிந்திக்கும் ஆற்றல் வேண்டும் என்கிறார். எந்த விலங்கும் சிந்திக்காது என விருந்தினர் மறுக்கிறார். மனிதனே அவ்விலங்கு என்பதை வாசகர் சற்று முன்னும் ரெய்ன்ஸ்ஃபோர்டு சற்றுப் பின்னும் உணர்வதே இக்காட்சியின் இயக்கம்.

இங்கு 'பகுத்தறிவு' என்று மொழிபெயர்ப்பது அகராதிப்படி சரியானதே. ஆனால் தொல்காப்பிய மரபியல் முதலாக மக்களை ஆறறிவுயிர் எனக் கொள்ளும் மரபில் பழகிய வாசகருக்கு, அச்சொல் கேட்ட அளவிலேயே விடையாகிவிடுகிறது. அதன்பின் ரெய்ன்ஸ்ஃபோர்டு புரியாமல் நிற்பது அவரது அறியாமையாகத் தோன்றுமேயன்றி அச்சமாகத் தோன்றாது. 'யோசிக்கத் தெரிந்த விலங்கு' என்னும் எளிய தொடர் இக்குறையைத் தவிர்க்கும். அவ்வாறே, ஸாரோஃபின் பேச்சில் 'ஒருவன்' என்பது ஓரிடத்திலும் நுழையாமல், 'ஒன்று', 'அது' என்பனவே தொடர்ந்து வருதல் வேண்டும். மனிதரை அஃறிணையாக வழங்கும் அப்பழக்கமே அவரது குற்றத்தின் மொழிவடிவம் எனலாம்.

3. கேட்பவர் யார்?

போவின் கதையில் மாண்ட்ரஸோர், நண்பனைப் போல நடித்து ஃபார்ச்சுனாட்டோவை நிலவறைக்கு அழைத்துச் சென்று, சங்கிலியால் பிணித்துச் சுவரெழுப்பி மூடுகிறான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அச்செயலை யாரிடமோ எடுத்துரைக்கிறான். தன் இயல்பை நன்கறிந்த ஒருவராகத் தொடக்கத்தில் அவரை முன்னிலைப்படுத்துகிறான். அவர் பாவமன்னிப்பு வழங்கும் குருவா, நண்பரா, உறவினரா என்பது சொல்லப்படவில்லை. கேட்பவர் குருவாயின் இது மரணப் படுக்கையின் வாக்குமூலமாகலாம். நண்பராயின் வருத்தமற்ற பெருமைப் பேச்சாகலாம்.

ஆங்கில முன்னிலைப் பெயர் இரண்டிற்கும் பொதுவாக நிற்கிறது. தமிழில் 'நீ', 'நீங்கள்', 'தாங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்த அளவிலேயே கதையின் பொருள் பாதி முடிவாகிவிடுகிறது. 'அறிவாய்', 'அறிவீர்கள்' என்னும் வினைமுற்றுகளும் இத்தன்மையனவே. ஆயினும் 'தெரியும்' என்னும் வினை இடமும் பாலும் காட்டாதது. அதனுடன் வரும் நான்காம் வேற்றுமைப் பெயரையும் தமிழில் விட்டுவிடலாம். 'என் இயல்பு நன்றாகத் தெரியுமே' எனும்போது கேட்பவரின் தகுதி மறைந்தே இருக்கிறது.

கதைக்குள் இருவரும் ஒருவரையொருவர் விளிக்கும் முறையிலும் எச்சரிக்கை தேவை. சங்கிலி பூட்டப்பட்ட பின் மாண்ட்ரஸோரின் பேச்சை 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ' என்பதற்கு மாற்றும் ஆசை எழக்கூடும். அது மூலத்தில் இல்லாத சினத்தைச் சேர்ப்பதாகும். நட்பின் சொல் இறுதிவரை மாறாமலிருப்பதே அங்குள்ள கொடுமை. தொடக்கம் முதலே 'நீ' என அமைத்து, அதனை மாற்றாதிருத்தல் பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று கதைகளிலும் திகில் என்பது மறைத்தலும் வெளியிடலும் நிகழும் வரிசையைப் பொறுத்தது. அவ்வரிசையைக் கட்டுப்படுத்தும் கருவி ஆங்கிலத்தில் சுட்டுப்பெயராகவோ இருபொருட் சொல்லாகவோ அமைகிறது. தமிழில் அது திணையாகவும் வினைவிகுதியாகவும் மரியாதைப் பெயராகவும் இடம் மாறுகிறது. எனவே, இலக்கியக் கூறுகள், அருஞ்சொற்கள் ஆகிய இரு பட்டியல்களுடன் மூன்றாவதாக ஒன்றையும் மொழிபெயர்ப்பாளர் வகுத்துக்கொள்ளுதல் நலம். ஒவ்வொரு காட்சியிலும் வாசகர் எதனை, எத்தொடர் வரை அறியக்கூடாது என்பதைக் குறிக்கும் பட்டியல் அது. அதனை வகுத்த பின்னரே வினைமுற்றுகளைத் தேர்தல் வேண்டும். பொருள் பிழையாத மொழிபெயர்ப்பும் ஒரு விகுதியால் கதையை முன்கூட்டியே முடித்துவிடக் கூடும்.