திண்ணையும் திரையும்

இணையம் வந்து ஆய்வு கெட்டுப்போச்சு, நேரில் உட்கார்ந்து பேசினால்தான் அறிவு வளரும் என்கிற புலம்பலைக் கருத்தரங்குகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சான்றாக உடனே 1880 வந்துவிடும். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி பற்றிக் கேட்டார், உ.வே.சா.வின் பாதை திரும்பியது. 1887இல் பதிப்பு வந்தது. மெய்தான். ஆனால் அப்படிப்பட்ட உரையாடலில் உட்கார யாருக்கெல்லாம் இடம் இருந்தது என்ற கேள்வியை இந்தச் சான்று மறைத்துவிடுகிறது.

இணையத்திலிருந்து இறக்கிய பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை அச்செடுத்து, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில் புரட்டிக்கொண்டிருந்தேன். அச்சாபீஸில் கம்பாசிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஒரே புத்தகம் இல்ல. முதல் பாரம் ஒரு டைப், அடுத்த பாரம் வேற டைப். ரெண்டு ஆபீஸ்ல அடிச்சதைச் சேத்துத் தச்சிருக்காங்க." முகப்பிலிருந்த ஆண்டை நம்பி நான் எழுதிய அத்தியாயம் சரிந்தது. கோப்பில் அது ஒரே பிரதி. தலைப்பு ஒன்று, ஆண்டு ஒன்று.

அப்புறம் கேட்டார்: "சொந்த ஊரு?"

"செங்கல்பட்டுப் பக்கம்."

"ஊரா, காலனியா?"

சொன்னேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீயைக் குடித்தார். அடுத்து நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பேச்சு உயிருள்ளது, எழுத்து அதன் நிழல் என்ற படிநிலையைத் தெரிதா 1967இலேயே கட்டவிழ்த்தார். நம்மூரில் பேச்சோடு தெருவையும் சேர்த்தே கட்டவிழ்க்க வேண்டியிருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளிலிருந்த தன்னார்வலர்கள் இணையம் வழியே கூடி இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். அவற்றைப் படிக்க என் தெருவை யாரும் கேட்டதில்லை. அதற்காக இணையம் சமத்துவ வெளி ஆகிவிடாது. ஆய்விதழ்கள் பலவற்றின் வாசலில் பல்கலைக்கழகக் கடவுச்சொல்லையோ டாலரையோ கேட்கிறார்கள்.

ஆக, நேர்ப்பேச்சா இணையமா என்பதல்ல பிரச்சினை. கம்பாசிட்டரின் கண்ணுக்குத் தெரிந்தது எந்த நூற்பட்டியலிலும் ஏறவில்லை. அதைப் பெற, கேட்பவன் தன் தெருவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேச்சைப் புகழ்கிறவர்கள், பேச்சில் கிடைத்த திருத்தத்தைச் சொன்னவர் பெயரோடு பொதுப் பட்டியலில் ஏற்றட்டும். எந்தத் தெருவிலிருந்தும் எடுத்துப் படிக்கலாம்.

நான் அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். அடிக்குறிப்பில் 'ஓர் அச்சுக்கோர்ப்பாளர்' என்றுதான் போட முடிந்தது. பெயர் கேட்கும் அளவுக்குப் பேச்சு நீளவில்லை.