படத்தைப் பார்த்ததும் வரும் சொல்

அரிச்சுவடிப் புத்தகம் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது ஒரு சோதனை. எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் குழந்தைக்குக் காட்டுவேன். குழந்தையின் வாயில் முதலில் வரும் சொல் அந்த எழுத்தில் தொடங்கினால் அந்தப் பக்கம் தேறியது. அணில், ஆடு, இலை மூன்றும் தேறிவிடுகின்றன. தலைமுறை தலைமுறையாக அவை இடம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் வெறும் பழக்கம் அல்ல. ஒட்டகமும் தவறுவதே இல்லை. ஆனால் 'ஐ'க்கு ஐந்து விரல்களை விரித்து வரைந்திருந்தால் குழந்தை 'கை' என்கிறது. ஓடத்தைப் பார்த்தால் 'படகு' என்கிறது. 'ஔ'வுக்காகக் கோலூன்றி நிற்கும் ஔவையாரைப் பார்த்தால் சந்தேகமே இல்லாமல் 'பாட்டி'.

குழந்தையிடம் பிழை எதுவும் இல்லை. அதற்குத் தெரிந்த சொல்லை அது சொல்கிறது. ஏற்கெனவே வாயில் புழங்கும் சொல்லைப் பிடித்து, 'நீ சொன்னாயே, அந்த ஒலிக்கு இதுதான் வடிவம்' என்று காட்டுவதே அரிச்சுவடியின் வேலை. புதுச் சொல்லையும் புது எழுத்தையும் ஒரே பக்கத்தில் கொடுத்தால் இரண்டும் நிற்காது. இதனால்தான் உரலையும் யாழையும் இன்னும் அச்சிடும் புத்தகங்களை, அவற்றின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், நான் குழந்தைக்கு முதலில் கொடுப்பதில்லை. ஔவையாரை மட்டும் விட மனம் வராது. அதற்குக் காரணம் உண்டு.

தமிழில் இந்தப் புத்தகத்தைச் செய்வது ஆங்கிலத்தில் செய்வதைவிடக் கடினம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. புள்ளி வைத்த மெய் எதுவுமே சொல்லைத் தொடங்காது. ஆகவே மெய்யெழுத்துப் பக்கங்களில் ஓவியரும் ஆசிரியரும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ எழுத்தைத் தேட வேண்டும்: கொக்கில் க், சங்கில் ங், பந்தில் ந், தேளில் ள், மீனில் ன். இங்கே குழந்தையின் காது வேறு விதமாக வேலை செய்கிறது. சொல்லின் வாலைக் கேட்க வேண்டும். நாயின் 'ய்', தேரின் 'ர்'. நல்ல புத்தகத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் சிவப்பிலோ தடித்த கறுப்பிலோ இருக்கும். அந்தச் சின்ன அக்கறை இல்லாத பக்கத்தில் குழந்தை கொக்கைப் பார்த்து 'கொ'வைத்தான் படிக்கும்.

இந்தச் சிக்கலுக்கு ஔவையார் கண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புதான். ஆத்திசூடியின் 109 வரிகளும் எழுத்து வரிசையில் நடக்கின்றன. 'ட' வரும் இடத்தில் முன்னால் ஓர் இகரம். 'ழ' வரும் இடத்தில் முன்னால் ஓர் அகரம். முதலெழுத்தாக வர முடியாததை இரண்டாம் எழுத்தாக உட்கார வைத்து, இலக்கணமும் கெடாமல் வரிசையும் கெடாமல் கடந்துவிடுகிறார். 'ங'வுக்குச் சொல் அகப்படாத இடத்தில் அந்த எழுத்தின் வடிவத்தையே பொருளாக்கிவிட்டார். அரிச்சுவடி செய்வோருக்கெல்லாம் அவர் முன்னோடி. 'ஔ' பக்கம் அவருக்கே உரியது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அது யார் என்று சொன்னால் போதும்.

இன்றைய புத்தகங்கள் ட, ர, ல வரிசைக்கு டயர், ரயில், லாரி, லட்டு என்று போடுவதைச் சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லட்டைத் தின்ற வாய்க்கு 'ல' உடனே வசப்படுகிறது.

அரிச்சுவடிகளில் நான் மிகவும் ரசிப்பது 'ஈ' பக்கம். எழுத்தும் அதுதான், சொல்லும் அதுதான், படமும் அதுதான். நன்னூல் இப்படிப்பட்ட ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று கணக்குச் சொல்கிறது. அவற்றில் பூ, தீ, கை, பை, வா, போ, தா, நீ எல்லாம் இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சில் இருப்பவை. ஓர் எழுத்தைக் கற்றதும் ஒரு முழுச் சொல்லையே படித்துவிடும் வாய்ப்பை மொழி இப்படித் தந்திருக்க, பெரும்பாலான புத்தகங்கள் 247 எழுத்துகளையும் கட்டம் கட்டி அச்சிட்டுவிட்டுக் கடந்துபோகின்றன. அந்தக் கட்டத்தில் உகர வரிசையை மட்டும் பாருங்கள். கு, சு, டு, மு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் காலை மடக்குகிறது. குழந்தை திணறும் இடம் இதுதான். நிதானிக்க வேண்டியதும் இங்கேதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தால், தும்பிக்கை தூக்கிய பழைய லை, னை வடிவங்களும் சுருண்டு கிடந்த ணா, றா, னாவும் போய், இப்போதைய குழந்தைக்கு அந்தப் பாரமாவது குறைந்திருக்கிறது.

இத்தனை பக்குவமாகச் செய்த புத்தகமும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். எல்லா எழுத்தும் தெரிந்துவிட்ட குழந்தைக்கு அடுத்து வேண்டியது, தெரிந்த எழுத்துகளால் ஆன தெரியாத சொற்கள். உரலும் யாழும் ஓடமும் வர வேண்டிய இடம் அதுதான். அது ஒரு புத்தகத்தில் முடிகிற காரியமல்ல. நிறைய, மெல்லிய, விதவிதமான புத்தகங்கள் வேண்டும். எந்த வீடும் அத்தனையும் வாங்கிக் கட்டாது. அதற்குத்தான் நூலகம்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் கொண்டுவந்த சிறு நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்தார்கள். குழந்தையின் வயதைக் கேட்காமல் அதன் வாசிப்பைக் கேட்கும் அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இப்படிப்பட்ட நூல்களில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் இரண்டு பின் அடித்த மெல்லிய புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அலமாரியில் பெரிய புத்தகங்களுக்கு நடுவே செருகினால் ஒரு வெள்ளைக் கோடுதான் தெரியும். அடுக்கி வைத்தாலோ மேலே இருக்கும் ஒன்றைத்தான் எல்லாக் குழந்தையும் எடுக்கும். ஆகவே கயிறு கட்டி, நடுப்பக்கத்தைப் பிரித்துத் தொங்கவிட்டு, அட்டைப்படம் வெளியே தெரிய வைக்கும் நூலகரைக் கண்டால் எனக்குப் பெரிய மரியாதை. கயிறு குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், நூலகரின் கண் மட்டத்தில் அல்ல.

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் பெரிய செயற்கை மரம் ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தும் படிக்கலாம். மதுரையில் 2023-ல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனி இடம் உண்டு. இவை பெருமைக்குரியவைதான். ஆனாலும் நான்கு வயதுக் குழந்தை நடந்து போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பது தெருக்கோடிக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும்தான். அங்கே பல இடங்களில் நாளிதழ் மேசைக்கு இருக்கும் இடம் குழந்தைகளுக்கு இல்லை. நூலகரிடம் கேளுங்கள். ஒரு மூலை, ஒரு பாய், ஒரு கயிறு போதும் என்று சொல்லுங்கள்.

விஜயதசமி அன்று நெல்லிலோ அரிசியிலோ விரல் பிடித்து 'அ' எழுத வைக்கும் வீடுகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அன்று நூலகத்துக்கு விடுமுறை. அந்த வாரத்திலேயே ஒரு நாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் உறுப்பினராக்கிவிடுங்கள். புத்தகத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் குழந்தையை எடுக்க விடுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியில் 1948-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த பொது நூலகச் சட்டம், இந்திய மாகாணங்களிலேயே முதலாவது. அதன்படி இன்றும் நீங்கள் கட்டும் சொத்து வரியில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 10 ரூபாய் நூலக வரியாகச் சேர்ந்தே போகிறது.