இரவல் பெயரில் ஒரு குடும்பம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரை, ஞானசம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். அவ்வூருக்கு அதனினும் பழைமையான பெருமை ஒன்றும் உண்டு. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகி அங்கே கிடக்கின்றன. 1781ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா அவற்றைப் பற்றி எழுதினார். இன்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது.

அம்மரங்களில் கிளைகள் இல்லை, வேர்களும் இல்லை. ஆதலால் அவை அங்கே முளைத்தவை அல்ல என்பது நிலவியலார் கருத்து. எங்கோ நின்றவற்றைப் பெருவெள்ளம் பெயர்த்துக் கொணர்ந்து மணலில் புதைத்துவிட்டுப் போயிற்று. அதன்பின் மரத்தின் உள்ளமைப்பு சிறிது சிறிதாக மறைய, அவ்விடத்தை மணிக்கல் நிரப்பியது. ஆண்டு வளையங்கள் கூட அப்படியே தெரிகின்றன; உயிர் மட்டும் இல்லை. வெள்ளத்தில் பெயர்ந்து வந்த மனிதரும் இவ்வாறு, பழைய உருவம் கலையாமல், ஒதுங்கிய இடத்திலேயே கல்லாகிவிடக் கூடும். மீண்டும் வேர்விடவும் கூடும். இந்த இரண்டாவது வாய்ப்பு மனிதருக்கு எப்படிக் கிட்டுகிறது என்னும் கேள்வியை எழுப்பிய திரைப்படம் ஒன்றை இங்கே ஆராய விழைகிறோம். பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் இயக்கி, 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ என்பதே அது.

பிரெஞ்சுக்காரர் ஒருவர் எடுத்த இப்படத்தில் பெரும்பகுதி உரையாடல் தமிழிலேயே அமைந்திருப்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி. தீபனாக நடித்த அந்தோணிதாசன் யேசுதாசனை ‘கொரில்லா’, ‘ம்’ ஆகிய நாவல்களை எழுதிய ஷோபாசக்தியாகத் தமிழ் வாசகர் அறிவர். இளமையில் இயக்கத்தில் சேர்ந்து, பின்னர் விலகி, 1993இல் பிரான்சை அடைந்தவர் அவர். தம் சொந்த வாழ்வின் பகுதியும் இப்பாத்திரத்தில் கலந்திருப்பதாக அவரே கூறியிருக்கிறார். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து சென்றவர்.

பொய்யில் தொடங்கிய இல்லறம்

கதை ஈழப்போரின் இறுதி நாட்களில் தொடங்குகிறது. மனைவி மக்களை இழந்த போராளி ஒருவன், மாண்ட தோழர்களின் உடல்களுக்கு எரியூட்டிவிட்டுத் தன் சீருடையைக் களைகிறான். அகதி முகாமில் ஒரு பெண், தாயற்ற சிறுமி யாரேனும் உண்டா என்று கூடாரம் கூடாரமாகத் தேடி அலைகிறாள். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் முகவரிடம் இருக்கின்றன. அவற்றில் உள்ளோர் ஓர் ஆண், ஒரு பெண், ஒன்பது வயதுச் சிறுமி. அந்த மூன்று பெயர்களையும் மூன்று அந்நியர்கள் அணிந்துகொள்கிறார்கள். சிவதாசன் என்பவன் தீபன் ஆகிறான். முன்பின் அறியாத பெண் யாழினி என்ற பெயரில் அவனுக்கு மனைவியாகிறாள். சிறுமி இளையாள் இருவருக்கும் மகளாகிறாள்.

பிரான்சை அடைந்தவுடன் தீபன் பாரிசுத் தெருக்களில் மின்னும் விளையாட்டுப் பொருள்களை விற்கிறான். பின்னர் நகரின் புறத்தே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாள் வேலை கிடைக்கிறது. குடியிருப்பின் பெயர் ‘ல ப்ரே’. புல்வெளி என்பது அதன் பொருள். அங்கே இருப்பதோ உடைந்த மின்தூக்கியும் போதைப்பொருள் வணிகமும். கடிதங்களைப் பிரித்து வைப்பதும், படிகளைக் கழுவுவதும், பழுதானவற்றைச் செப்பனிடுவதும் தீபனின் அன்றாடக் கடமைகள். யாழினிக்கு, அதே குடியிருப்பில் ஹபீப் என்னும் நோயாளி முதியவருக்குச் சமைத்துப் பணிவிடை செய்யும் வேலை. இளையாளுக்குப் பள்ளிக்கூடம்.

இப்படத்தின் சிறப்பெல்லாம் இந்த நடுப்பகுதியில்தான் உள்ளது என்பது நம் கருத்து. பதினெட்டாம் நூற்றாண்டில் மான்டெஸ்கியூ எழுதிய ‘பாரசீகக் கடிதங்கள்’ தமக்குத் தூண்டுதலாய் இருந்தது என்று ஓதியார் சொல்லியிருக்கிறார். பிரான்சைப் பிறநாட்டார் கண்ணால் பார்ப்பது அந்நூலின் உத்தி. இங்கே தீபனும் யாழினியும் தங்கள் வீட்டுச் சாளரத்தருகே நின்று எதிர்க் கட்டடத்தின் நடமாட்டங்களைத் திரைப்படம் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஐரோப்பியரைத் தமிழர் வேடிக்கை பார்க்கும் இக்காட்சி, நெடுங்காலம் மறுபக்கமாகவே இருந்துவந்த ஒரு பார்வையைத் திருப்பி வைக்கிறது.

மூவருக்கும் இடையே வளரும் உறவு பெரிய சொற்களால் சொல்லப்படவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடும்போது பிற தாய்மார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை இளையாள் கவனிக்கிறாள். தனக்கும் அந்த அன்பு வேண்டுமென்று கேட்கிறாள். யாழினியோ தனக்குத் தாய்மை பழக்கமில்லை என்று தயங்குகிறாள். தாயன்பு தானாகச் சுரக்கும் என்று நாம் கேட்டுப் பழகிய கதைகளுக்கு நடுவே, மகளே தாய்க்குத் தாய்மையைக் கற்றுக்கொடுக்கும் இக்காட்சி உண்மையாக ஒலிக்கிறது. புதிய மொழியை முதலில் பற்றிக்கொள்பவளும் அச்சிறுமிதான். பெற்றோருக்கு அவளே மொழிபெயர்ப்பாளர். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் வயதுக்கு மீறி மூத்துப்போகும் அவலத்தை இயக்குநர் ஒருவரி விளக்கமும் இன்றி உணர்த்திவிடுகிறார்.

மற்றொரு காட்சி. பிரெஞ்சுக்காரர்களின் நகைச்சுவை தனக்குப் பிடிபடவில்லை, சொற்கள் புரிந்தும் சிரிப்பு வரவில்லை என்று தீபன் யாழினியிடம் குறைப்பட்டுக்கொள்கிறான். அது மொழியால் வந்த குறை அன்று, தமிழிலும் உனக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்கிறாள் அவள். மனைவியாக நடிக்க வந்தவள், மனைவிக்கே உரிய உரிமையோடு அவனைக் கேலி செய்துவிட்டாள். அதிகாரிகள் முன் மனப்பாடம் செய்து ஒப்பித்த பொய் இந்த ஒரு கேலியில் பாதி மெய்யாகிவிடுகிறது.

ஒப்புதல் எங்கே பிறக்கிறது?

கத்தோலிக்க வாசகருக்கு இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மணமக்களின் ஒப்புதலே திருமணத்தை ஆக்குகிறது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (சட்டம் 1057) கூறுகிறது. வாயால் சம்மதித்து உள்ளத்தால் விலக்கினால் அத்திருமணம் செல்லாது என்பதும் அதே தொகுப்பின் விதி. அவ்வளவுகோலின்படி தீபனும் யாழினியும் கணவன் மனைவியர் அல்லர். அவர்களிடையே வாக்குறுதியும் இல்லை, சாட்சியும் இல்லை. இருந்தது ஒரு முத்திரையிட்ட தாள் மட்டுமே. அதுவும் இறந்தவர்களுடையது.

ஆனால் ஒப்புதல் என்னும் சொல்லின் உள்ளீடு யாது என்று சிந்திக்க இப்படம் நம்மை வற்புறுத்துகிறது. நம் வீடுகளில் பீடத்தின் முன் ஒரு நிமிடத்தில் சொல்லப்படும் சொல்லை, அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் அடுக்களையிலும் நோய்ப்படுக்கையிலும் மீண்டும் மீண்டும் சொல்லவேண்டியிருக்கிறது. நாம் முதலில் சொல்லைச் சொல்லிவிட்டுப் பிறகு வாழக் கற்கிறோம். இவர்கள் வாழ்ந்து பார்த்த பின்னரே அச்சொல்லை நோக்கி வருகிறார்கள். இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் போய்விட வேண்டும் என்னும் எண்ணம் யாழினிக்குத் தொடக்கம் முதலே உண்டு. கதவு திறந்தே இருக்கிறது. திறந்த கதவருகே நின்று, இருப்பதா போவதா என்று அவள் நாள்தோறும் முடிவெடுக்கிறாள். கட்டாயமின்றி இருப்பதுதான் ஒப்புதலின் உயிர் என்றால், அந்த உயிர் இப்படத்தில் துடிப்பதைக் காண்கிறோம். ஒருமுறை அவள் புறப்பட்டுச் செல்லும்போது தீபன் முரட்டுத்தனமாகத் தடுத்து நிறுத்துகிறான். அக்காட்சி நம்மை வருத்துவதும் இதனால்தான். அன்பு கேட்டுப் பெறவேண்டியதை அங்கே ஆண்மை பறித்துக்கொள்கிறது.

துப்பாக்கியை நம்பிய இயக்குநர்

இனி, குறை. போர் முடிந்ததென்று எண்ணி வந்தவனைக் குடியிருப்பின் கும்பல்கள் மீண்டும் போருக்கு இழுக்கின்றன. இரு தரப்பாரும் சுட்டுக்கொள்ளும் வெளியில் தீபன் வெள்ளைக் கோடு ஒன்று வரைகிறான்; இதற்குள் எவரும் சுடக்கூடாது என்கிறான். அந்தக் கோடு அருமையான கற்பனை. பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வன்னியில் கோடு கிழித்து அதற்குள்ளேயே குண்டுகள் விழுந்த 2009ஆம் ஆண்டின் நினைவு, தமிழ்ப் பார்வையாளர் நெஞ்சில் சுருக்கென்று தைக்கும்.

ஆனால் அதன்பின் படம் தடம் மாறுகிறது. சிக்கிக்கொண்ட யாழினியை மீட்கத் தீபன் தனியொருவனாய்ப் புகையையும் குண்டுகளையும் கடந்து படியேறுகிறான். சாம் பெக்கின்பா இயக்கிய ‘ஸ்ட்ரா டாக்ஸ்’ என்னும் 1971ஆம் ஆண்டுப் படமும் தம் மனத்தில் இருந்ததாக ஓதியார் குறிப்பிட்டிருக்கிறார். அச்சாயல் இங்கே நன்றாகவே தெரிகிறது. இதை வெறும் சுவைக் குறை என்று தள்ளிவிட இயலாது. கருத்தளவிலேயே இது பிழை. ஒருவன் கணவன் ஆவது கொல்லத் துணியும்போது என்று இம்முடிவு சொல்லிவிடுகிறது. அவனோ அதற்கு வெகு முன்பே, ஒரு சிறுமியின் பள்ளிக்கூடத்திலும் ஒரு பெண்ணின் கேலியிலும் குடும்பத்தவன் ஆகிவிட்டவன். தாம் படைத்த அன்றாட வாழ்வின் வலிமையை இயக்குநரே நம்பவில்லை.

கடைசிக் காட்சி இங்கிலாந்தில் நிகழ்கிறது. பசும்புல், வெயில், விருந்தினர், கைக்குழந்தை. ‘புல்வெளி’ என்று பெயர்கொண்ட இடத்தில் கிடைக்காத புல்வெளி இங்கே கிடைத்துவிடுகிறது. இது கனவோ என்று ஐயுறும் வகையில் அது படமாக்கப்பட்டுள்ளது. கனவென்றே கொண்டாலும், அங்கே அவர்கள் எவ்வாறு சென்றார்கள், எந்த அலுவலகத்தின் முன் எத்தனை நாள் காத்திருந்தார்கள், எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறார்கள் என்னும் வினாக்களைப் படம் தாண்டிச் சென்றுவிடுகிறது. குடியேறியவர் வாழ்வில் பாதியை விழுங்குவது அந்தக் காத்திருப்புதான்.

நம் கடற்கரையில்

அந்தக் காத்திருப்பைக் காண நாம் பாரிசுக்குச் செல்லவேண்டியதில்லை. கல்மரங்கள் கிடக்கும் இதே மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத்தமிழர் முகாம் உள்ளது. தமிழகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 1983க்குப் பின் அலையலையாக வந்தவர்களும் அவர்தம் மக்களும் பேரமக்களும் அவர்கள். தீபனுக்குக் கிடைக்காத வசதி ஒன்று இவர்களுக்கு இருந்தது. வந்த நாடு தங்கள் மொழியையே பேசியது. இங்கே நடந்த திருமணங்கள் பொய்யானவை அல்ல. பெயர்களும் இரவல் பெயர்கள் அல்ல. அன்றாட உழைப்பால் ஒரு மண்ணில் வேர்விட முடியுமென்றால் இவர்கள் எப்போதோ வேர்விட்டிருக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1987 சூலை முதல் நாள் தொட்டு இங்கே பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாய் இருத்தல் வேண்டும். எனவே முகாமில் மணந்த இருவருக்கு முகாமில் பிறந்த பிள்ளை, வேறு மண்ணை மிதித்தறியாத பிள்ளை, இந்நாட்டினன் ஆகவில்லை. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் தமிழக அரசு முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாக அறிவித்தது. 2025 செப்டம்பரில் நடுவண் அரசு, 2015 சனவரி 9ஆம் நாளுக்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குச் சில தண்டனை விதிகளினின்று விலக்களித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் தண்டனையிலிருந்து விலக்கப்படுவது வேறு, நம்மவர் என்று ஏற்கப்படுவது வேறு.

1952ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட ‘எக்சுல் ஃபமிலியா’ என்னும் ஆவணம், எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைக்கிறது. அந்நாட்டில் சூசையப்பர் என்ன கூலிக்குத் தச்சுவேலை செய்தார், மரியா எந்தத் துறையில் நீர் மொண்டார், அண்டை வீட்டார் அவர்களை எப்படி அழைத்தனர் என்று மத்தேயு சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த நாட்களையே ‘தீபன்’ தன் சிறந்த காட்சிகளில் நமக்குக் காட்டுகிறது. ஓர் ஆணும் பெண்ணும் அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி எண்ணி, சிரிக்கக் கற்று வாழ்வதே வேர்விடுதல் என்று அது மெய்ப்பிக்கிறது. தன் பங்கை அக்குடும்பம் செய்துவிடும். வேர்விட மண் இடம் கொடுக்கவும் வேண்டும். அது குடியேறியவர் கையில் இல்லை. முன்பே அம்மண்ணில் நிற்பவர் கையில் இருக்கிறது. படத்தை விருதளித்துப் போற்றிய பிரான்சுக்கு எழும் அக்கேள்வி, அதைத் தமிழ்ப் படமென்று பெருமையோடு பார்த்த நமக்கும் எழுகிறது.