பாயிரம் உரைக்கும் உரிமை

தன் நூலைத் தானே புகழ்ந்துரைத்தல் நூலாசிரியனுக்குத் தகாது என்பது நன்னூலார் கொள்கை. ஆதலின் சிறப்புப் பாயிரம் உரைக்கும் உரிமையை, அவனுக்குக் கற்பித்தவன், அவனோடு பயின்றவன், அவன்பால் கற்றவன், நூலுக்கு உரை கண்டவன் என்னும் நால்வர்க்கே அவர் அளிக்கின்றார். இவ்விதி ஏட்டோடு ஒழிந்ததெனக் கருதுவார் பலர். 2000-இல் கஸ் வான் சான்ட் இயக்கத்தில் வெளிவந்த 'ஃபைண்டிங் ஃபாரஸ்டர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் அக்கருத்தை மறுக்கின்றது. அரக்கோணம் போன்ற ஊர்களில் முதுகலை மாணவர்க்குப் பாயிரம் பயிற்றுவார் இதனைத் தயங்காது எடுத்துக்காட்டலாம்.

ஒரே புதினத்தால் புகழ்பெற்று, பின் வீட்டினுள் ஒடுங்கிய முதியவர் ஃபாரஸ்டர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வாழும் 16 வயதுக் கறுப்பின மாணவன் ஜமால். தம் பழைய கட்டுரையொன்றைத் தட்டச்சுப் பொறியில் படியெடுக்கச் செய்து, தன் சொல் பிறக்குமிடத்தில் அதனை விட்டுவிடுக என்கின்றார் ஆசிரியர். அவ்வாறு பிறந்த கட்டுரை பள்ளிப் போட்டிக்குச் செல்ல, மாணவன்மேல் சொற்களவுக் குற்றம் எழுகின்றது. ஃபாரஸ்டர் அவைக்கு வந்து ஓர் உரையைப் படிக்கின்றார். அவர் எழுத்தென எண்ணி அவை கைதட்டிய பின்னரே அது ஜமாலுடையது என்கின்றார். இது கற்பித்தவன் உரைத்த பாயிரமன்றோ? அவர் மறைந்தபின், அவர்தம் இரண்டாம் புதினத்திற்கு முன்னுரை எழுதும் பொறுப்பு ஜமாலைச் சேர்கின்றது. இது கற்றவன் உரைக்கும் பாயிரம்.

எனினும் ஒரு குறை உண்டு. அவையில் படிக்கப்பெற்றது வழக்கிற்கு உள்ளான கட்டுரை அன்று, வேறொன்று. கட்டுரைக்குத் தாம் இசைவளித்ததாக ஃபாரஸ்டர் கூறுகின்றார். இசைவு களவை நீக்கும். ஆக்கியோன் யார் என்னும் வினாவை நீக்குமோ?

நம் வரலாற்றிலும் இவ்வினா உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) குசேலோபாக்கியானத்தைத் தாமே பாடித் தம் மாணவர் வல்லூர்த் தேவராசப் பிள்ளையின் பெயரால் வழங்கச் செய்தார். ஆசிரியர்தம் வள்ளன்மைக்குச் சான்றாகவே இதனைப் போற்றுகின்றோம். நூலுக்குரியார் பெயரை நூலே மறைத்து நிற்பதனை நாம் எண்ணுவதில்லை. 1871-இல் 16 வயதினராய் அவரை அடைந்த உ. வே. சாமிநாதையர், 1933, 1934-இல் இரு பாகமாக வெளியிட்ட பிள்ளையவர்கள் சரித்திரத்தில் உண்மையை எழுதிவைத்தார். மாணாக்கர் ஒருவர் பெயரால் மறைந்ததனை மற்றொரு மாணாக்கர் விளக்கினார் என்க.

திரைப்படத்தில் இவ்வினாவை எழுப்புபவர் கிராஃபோர்டு என்னும் பேராசிரியர். அவரைப் பொறாமையும் நிறவெறுப்பும் உடையவராகவே தீட்டிய கதையாசிரியர், கேட்டவரை இழித்துக் கேள்வியைக் கடந்துவிட்டார். கேட்டவர் நெஞ்சம் கோடியதே; கேள்வி கோடியதன்று.